மைக் இல்லாத மேடையில் கே.பி.எஸ். – வாசகர் கேள்வி பதில்

பாடகியும் நடிகையுமான கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளைப் (கே.பி.எஸ்.) பற்றியும், நடிகர்கள் தனித்தனியாகப் பேசி வந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடக மேடையில் அவர் வளர்ந்ததைப் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

மைக்கே இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி ஆள் வரைக்கும் அவர் பாட்டு கேட்டது என்கிறார்கள். நம்பலாமா? – வாசகர், கரூர்

தாராளமாக நம்பலாம். ஆனால் 'தெய்வம் கொடுத்த குரல்' என்று சொல்லி முடித்துவிட்டால் அதில் இருந்த தொழில் மறைந்துபோகும்.

முதலில் சுருதி, அதாவது பாட்டின் ஆதார ஸ்வரம் நிற்கும் உயரம். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். ஐந்து கட்டையில் ஆதார சட்ஜம் ('ச') வினாடிக்குச் சுமார் 196 அதிர்வு, மேல் சட்ஜம் 392, மேல் பஞ்சமம் ('ப') 587. அந்த உயரத்தில் கள்ளக்குரலுக்கு (மெலிந்த பொய்க்குரலுக்கு) போகாமல் திறந்த நெஞ்சுக் குரலில் பாடினால், அடிப்படை ஸ்வரத்தோடு எழும் மேலதிர்வுகள் 2,000 முதல் 4,000 வரையிலான பகுதியில் பலமாக விழும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அந்தப் பகுதியைத்தான். கூட்டம் எழுப்பும் இரைச்சலில் பெரும்பங்கு அதற்குக் கீழே கிடக்கும். அதனால் குரல் இரைச்சலோடு மோதாமல் அதன் தலைக்கு மேலே போய்விடுகிறது. சுந்தராம்பாள் மேல் ஸ்தாயியிலும் குரலைச் சுருக்காமல் வீசிப் பாடியவர். அவருடைய பழைய பதிவுகளில் மேல் பஞ்சமத்தை எட்டும் இடங்களைக் கேட்டால் இது உடனே பிடிபடும்.

ஆண்களும் இதற்குத் தகுந்தபடி ஏற வேண்டியிருந்தது. ஒரு கட்டையிலும் ஒன்றரைக் கட்டையிலும் பாடும் கச்சேரி வித்வான்களைப் போல நாடகத்து ராஜபார்ட் (கதாநாயக நடிகர்) நின்றுவிட முடியாது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளியும் வேடனும் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பாடும் இடத்தில் ஆர்மோனியம் ஒன்று, சுருதியும் ஒன்று. பெண் கீழே இறங்கினால் குரல் எடுபடாது என்பதால் ஆண்தான் நாலு, நாலரைக்கு ஏறுவார். ராஜபார்ட் நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவின் (பின்னாளில் சுந்தராம்பாளின் கணவர்) புகழே அந்த உயரத்தில் கட்டப்பட்டது. 1926-ல் கொழும்பில் இருவரும் சேர்ந்து மேடையேறியபோது ஜோடி பொருந்தியதற்கு, இருவர் குரலும் ஒரே உயரத்தில் சமபலத்தோடு நின்றது முக்கியக் காரணம்.

அடுத்து, கொட்டகை. கீற்றுக் கூரை ஒலியை உறிஞ்சும், கல் மண்டபத்தைப் போலத் திருப்பித் தராது. ஆகவே பாடுபவர் மேடை விளிம்புக்கு வந்து, எதிரே நிற்பவரைப் பாதி பார்த்து, பாதி சபையைப் பார்த்துத்தான் பாட வேண்டும். இன்றைய சினிமாக் கண்ணுக்கு அந்த நிலை செயற்கையாகத் தெரியும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் உயர்ந்த அதிர்வுகள் பக்கத் திரையோடு போய்விடும் என்பதுதான் காரணம்.

பெரும்பாலோர் மறந்துவிடும் இன்னொன்று ஆர்மோனியம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகத்தில் ஸ்திரீபார்ட்டின் (பெண் வேடக்காரரின்) தொண்டையைக் காப்பாற்றியது அந்தப் பெட்டி. ஒரு அடி பாடி முடிந்ததும் அதே அடியை ஆர்மோனியக்காரர் வாசிப்பார். அந்த மூன்று நான்கு வினாடியில் மூச்சு திரும்பிவிடும். காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் இரண்டு கையும் வாசிக்கக் கிடைப்பதால் ஒலியும் கனமாக இருக்கும். தம்புராவைப் போல நடுராத்திரிப் பனியில் சுருதி மாறுகிற தொல்லையும் இல்லை. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) வராது என்று குறை சொல்லி வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தது. நாடக மேடைக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல.

என் மகளுக்கு 13 வயது. கே.பி.எஸ். பாட்டுகளை ஐந்தரைக் கட்டையில் பாடுகிறாள். ஒரு மாதமாக அடிக்கடி தொண்டை கட்டுகிறது. பழகப் பழகச் சரியாகுமா? – வாசகி, திண்டுக்கல்

சரியாகாது, முதலில் கட்டையைக் குறையுங்கள். அந்த வயதில் பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும். ஆண் பிள்ளைகளைப் போல உடைந்து தெரியாது, ஆனால் குரல்நாண்கள் முழுதாகச் சேராமல் காற்று கசியும். அந்தக் கசிவை அடைக்கப் பிள்ளை தொண்டையை இறுக்குகிறாள். அதனால்தான் கட்டிக்கொள்கிறது.

சரியான சுருதியைக் கண்டுபிடிக்க, தம்புராவை நாலரைக் கட்டையில் வையுங்கள். சட்ஜத்திலிருந்து மெதுவாகக் கீழ்ப் பஞ்சமம் வரை இறங்கட்டும். ஒலி காற்றாகிப் போனால் சுருதி அவளுக்குத் தாழ்வு. பிறகு மேலே ஏறட்டும். மேல் காந்தாரத்தில் 'ஆ'காரமாக ஐந்து வினாடி நிற்கச் சொல்லி, அவள் முகவாயைப் பாருங்கள். முகவாய் மேலே தூக்கினாலோ, கழுத்து நரம்பு புடைத்தாலோ, 'ஆ' என்பது 'ஏ'யாகச் சப்பையானாலோ அரைக் கட்டை இறக்குங்கள். மேல் காந்தாரம் அலுங்காமல் நின்று, மேல் பஞ்சமம் தொட்டுத் திரும்பினால் அதுவே அவளுடைய சுருதி. நாலு கட்டையில் முடிந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு மைக் இருக்கிறது.

சாதகம் இருபது நிமிடம், பிறகு பத்து நிமிடம் மௌனம். கட்டிய தொண்டையோடு கிசுகிசுப்பாகப் பேசவும் கூடாது, அதுவும் உரசல்தான். கனைத்துக் கனைத்துச் சரிசெய்யும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லி, இரண்டு மடக்கு தண்ணீர் கொடுங்கள். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் குரல்நாண்களைப் பார்க்கச் செய்வது நல்லது. உங்கள் மகளுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. மிளகும் கற்கண்டும் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், குரல்நாணில் கணு (சிறு தடிப்பு) விழுந்திருந்தால் அதைக் கரைக்காது.

கே.பி.எஸ். போல விருத்தம் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) பாட எப்படிப் பழகுவது? தாளம் இல்லாததால் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. – வாசகர், தஞ்சாவூர்

தாளம் இல்லாவிட்டால் என்ன, யாப்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு அடி வெண்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

பாலும் தெளிதேனும் பாகும் பருப்புமிவை
நாலும் கலந்துனக்கு நான்தருவேன் – கோலம்செய்
துங்கக் கரிமுகத்துத் தூமணியே நீயெனக்குச்
சங்கத் தமிழ்மூன்றும் தா.

முதலில் ராகமே இல்லாமல் நான்கு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே மூச்சு எடுக்கலாம் என்பது அப்போதே தெரியும். பலரும் தவறுவது இரண்டாம் அடியில். 'கோலம்செய்' என்ற தனிச்சொல் இருப்பது இரண்டாம் அடியில் என்றாலும், பொருளால் அது மூன்றாம் அடியைச் சேர்ந்தது: கோலம் செய் துங்கக் கரிமுகத்து. ஆகவே மூச்சு 'நான்தருவேன்' என்பதற்குப் பிறகு. அடி முடிகிறதே என்று 'கோலம்செய்' சொல்லிவிட்டு நின்றால், பிள்ளையாருக்குக் கோலம் போடச் சொன்னது போல ஆகிவிடும். மூன்றாம் அடியில் 'தூமணியே' என்று விளித்துவிட்டு நிறுத்தலாம். 'நீயெனக்கு' தொடங்கிக் கடைசி 'தா' வரை ஒரே மூச்சில் போவதுதான் அழகு. முடியாவிட்டால் 'நீயெனக்கு' முடிந்ததும் சின்னதாக ஒரு மூச்சு.

பிறகு ராகம். மோகனத்தில் தொடங்குங்கள், ஐந்து ஸ்வரம்தான், வழி தவறாது. முதலடி சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலேயே இருக்கட்டும். இரண்டாம் அடியில் தைவதம் வரை போகலாம். மேல் ஸ்தாயியை 'சங்கத் தமிழ்' என்ற சொல்லுக்குப் பத்திரமாக வைத்திருங்கள். தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய்விட்டால், பிறகு போக இடம் இருக்காது. இழுப்பது எப்போதும் உயிரெழுத்தில்: 'பாலும்' என்றால் 'பா'வில் நின்று, 'லும்' என்பதைக் குறுக்க வேண்டும். 'ம்'மில் நின்றால் வாய் மூடி ஒலி மூக்குக்குப் போகும். சுந்தராம்பாள் பாட்டில் வல்லின ஒற்றுகள்கூடத் தெளிவாகக் காதில் விழும். பிருகா (வேகமாக உருளும் ஸ்வரங்கள்) அடிக்கும்போதும் சொல்லை அவர் உடைப்பதில்லை. பிருகாவை மட்டும் பார்த்துப் பின்பற்றுகிறவர்கள் சொல்லைக் கோட்டைவிடுகிறார்கள்.

1935-ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்கிறார்களே, அது அவ்வளவு பெரிய தொகையா? பெண் எப்படி நந்தனார் வேடம் போட்டார்? – வாசகர், சேலம்

அன்று பத்து கிராம் தங்கம் முப்பது ரூபாயைச் சுற்றி இருந்தது. ஒரு லட்சத்துக்கு நாலாயிரம் பவுன் வாங்கலாம். தயாரிப்பாளர் அசன்தாஸ் கொடுத்த அந்தச் சம்பளம் படத்தைவிட அதிகமாகப் பேசப்பட்டது.

வேடம் மாற்றிப் போடுவது நாடகத்தில் புதிதல்ல. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் ஸ்திரீபார்ட். கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் ஆண் வேடமும் பெண்களே போட்டார்கள். சுந்தராம்பாளும் சிறுவயதில் வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, ஆண் வேடங்களிலும் நடித்தவர்தான். ராஜபார்ட் பாட்டுகள் உயர்ந்த சுருதியில் அமைந்தவை என்பதால் பெண் குரல் அதில் இடறாது. ஆனால் கொட்டகையில் தூரத்திலிருந்து பார்ப்பது வேறு, கேமரா கிட்டே வந்து காட்டுவது வேறு. அந்தப் படத்தில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். நடிப்பைவிடப் பாட்டுக்காகப் பார்க்க வேண்டிய படம் என்பதே எங்கள் கருத்து. பின்னணிக் குரல் முறை தமிழுக்கு இன்னும் வராத சமயம் அது. நடிக்கும்போதே பாட வேண்டும், வாத்தியக்காரர்கள் கேமராவுக்குப் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து வாசிப்பார்கள். நாடகத்தில் பழகிய தொண்டைக்கு அது சுலபம், கச்சேரியிலிருந்து வந்தவர்கள் திணறினார்கள்.

ஆண் வேடத்தை அவர் ஏற்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ல் காலமானார், வயது 27. அதன்பின் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவிலிருந்து கடைசிவரை மாறவில்லை. 1953-ல் 'ஔவையார்', 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1973-ல் 'காரைக்கால் அம்மையார்' என்று அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள். காதலி வேடம் ஒன்றுகூட இல்லை.

அவருக்குத் தேசிய விருது கிடைத்ததா? – வாசகி, கோவை

கிடைத்தது. 'துணைவன்' படத்துக்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி. பிறந்தது 1908 என்பதால் அறுபதைத் தாண்டிய குரலுக்குக் கிடைத்த விருது அது. 1966-ல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர், 1970-ல் பத்மஸ்ரீ. 1951-ல் சென்னை மாகாண மேலவை உறுப்பினராகவும் ஆனார்.

இப்போதும் 'வள்ளி திருமணம்' பார்க்க முடியுமா? – வாசகர், சென்னை

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பங்குனி, சித்திரை, வைகாசித் திருவிழாக்களில் பார்க்கலாம். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் உள்ள நாடக நடிகர் சங்கங்களில் விசாரித்தால் எந்த ஊரில் எந்தத் தேதி என்று சொல்வார்கள். ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாகப் பேசி வருவதால் ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம், மற்றதை ஆர்மோனியக்காரர் இழுத்துச் செல்வார். முதலில் பபூன் – டான்ஸ் காமிக் (கோமாளியும் நடனக்காரியும் செய்யும் நகைச்சுவை) நீளமாகப் போகும். பாட்டுக்காகப் போகிறவர்கள் நள்ளிரவுக்கு மேல் போனால் போதும். நாரதர் – வள்ளி தர்க்கத்தைத் தவறவிடாதீர்கள். மேடையின் ஆர்மோனியப் பக்கம் உட்காருங்கள், ஆனால் ஒலிபெருக்கிக்கு நேரே வேண்டாம்.

தாத்தா வைத்திருந்த கே.பி.எஸ். இசைத்தட்டுகள் நாலு கிடைத்தன. எப்படிச் சுத்தம் செய்வது, எதில் போடுவது? – வாசகர், காரைக்குடி

அவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகளாக இருக்கும், அரக்குக் கலவையில் செய்தவை. ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக்கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், அந்த இடத்தில் பாட்டு போனது போனதுதான். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளவும். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை துடைத்து, நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள். வெயில் பட்டால் தட்டு வளையும்.

சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் போடுவதானால் பக்கத்துக்கு ஒரு புது எஃகு ஊசி. தேய்ந்த ஊசி பள்ளத்தை அறுக்கும். எல்.பி. (பின்னாளில் வந்த நீண்டநேரத் தட்டு) ஓட்டும் கருவியில் உள்ள ஊசி, 78-ன் அகலமான பள்ளத்தில் அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 78-க்கென்று தனியாக விற்கும் சுமார் மூன்று மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பாட்டு. முதல்முறை ஓட்டும்போதே கணினியில் பதிவு செய்துகொண்டு, பிறகு கேட்பதை அந்தப் பதிவில் கேளுங்கள். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், காகித உறையில் நிமிர்த்தி வையுங்கள். விரிசல் விழுந்த தட்டு என்றால் ஒட்ட முயலாமல் அப்படியே உறையில் போட்டு, பழைய தட்டுகளைப் பதிவெடுத்துத் தருகிற ஒருவரிடம் கொண்டுபோங்கள்.