நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வேன்?

அன்புள்ள மேடம்,

எனக்கு 49 வயது. திண்டுக்கல் பக்கம். மூத்தவன் பி.காம். முடித்தவன். போன பொங்கலுக்கு, தான் ஆணில்லை, பெண் என்று என்னிடம் சொன்னான். அன்றோடு நிம்மதி போயிற்று. கணவர் அவனோடு பேசுவதில்லை. 'நீ செல்லம் கொடுத்து வளர்த்த லட்சணம்' என்று என்னைத்தான் ஏசுகிறார். இளையவளுக்கு வரன் பார்க்கிறோம். நாத்தனார் காதில் விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். சினிமாவிலும் டிவியிலும் இவர்களைக் காட்டுவதே கைதட்டிக் காசு கேட்கவும் கேலி பேசவும்தான். என் பிள்ளையும் அப்படி ஆகணுமா? முடியை வெட்டச் சொன்னாலும் கேட்பதில்லை. மதுரையில் ஒரு டாக்டர் மாற்றிவிடலாம் என்கிறாராம், அடுத்த வாரம் கூட்டிப் போகிறோம். பீரோவில் இருந்த மார்க் ஷீட்டையெல்லாம் எடுத்துத் தன் பையில் வைத்திருக்கிறான், எதற்கென்று கேட்கவும் பயமாக இருக்கிறது. நாத்தனாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சொந்தபந்தத்தில் எப்படித் தலைகாட்டுவேன்?

அன்புள்ள அம்மா,

நாத்தனாரை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள், மார்க் ஷீட்டை ஒரே வரியில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான். உங்கள் பிள்ளை வீட்டை விட்டுப் போகத் தயாராகிறார். அது உங்கள் மனசுக்கும் தெரியும், அதனால்தான் கேட்கப் பயம்.

கைதட்டிப் பிழைக்க நேர்ந்த திருநங்கைகளில் பலர், பெற்ற வீடே கதவை அடைத்ததால் படிப்பை இழந்தவர்கள். டிவி அந்தப் பாதியைக் காட்டுவதில்லை. மதுரைக்காரரான திருநங்கை நர்த்தகி நடராஜ், கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று 2019-இல் பத்மஸ்ரீ பெற்றவர். இன்னொரு திருநங்கை பிரித்திகா யாஷினி 2017-இல் தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். உங்கள் பிள்ளையும் படித்த படிப்பை நம்பித்தான் பையை எடுக்கிறார். நீங்கள் அஞ்சும் வாழ்க்கைக்கு அவரைத் தள்ளக்கூடியது ஊர் வாய் மட்டுமில்லை, உங்கள் வீட்டு மௌனமும்தான். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

வளர்ப்பில் குறை என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை நம்பிச் சொல்ல அவருக்குத் தாய் இருந்திருக்கிறாள்.

அந்த டாக்டரிடம் போக வேண்டாம். இது நோயில்லை. 'மாற்றும்' முயற்சிகளைத் தடைசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இலேயே உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அந்த முயற்சிகளைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. ஆலோசனை வேண்டுமென்றால் முதலில் நீங்களும் உங்கள் கணவரும் வாருங்கள்.

இன்றைக்கே மார்க் ஷீட்டைப் பற்றிக் கேளுங்கள். திருப்பி வைக்கச் சொல்லாதீர்கள். எங்கே போக நினைக்கிறார், என்ன பெயரில் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேளுங்கள். யாருக்கு எப்போது சொல்வது என்பது அவர் முடிவு. நாத்தனார் அதுவரை காத்திருக்கட்டும்.