கர்ப்பிணிக்கு ஹெச்ஐவி பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கும் வந்தே தீருமா?

கேட்டவர் சேலத்துக்காரர். அண்ணிக்கு நாலாவது மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹெச்ஐவி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, வீட்டில் கலைத்துவிடச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

கலைக்க வேண்டியதில்லை. என் மகன் எல்கேஜி போகிறான். எனக்கு ஹெச்ஐவி இருக்கிறது, அவனுக்கு இல்லை. பெயர் போடாமல் எழுதுகிறேன். எங்கள் அம்மாபேட்டையில் ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கும்.

முதலில், அண்ணிக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் செய்தார்களா என்று பாருங்கள். அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' இருக்கும். அங்கே மூன்று விதமான கிட்டில் பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள். காசு கிடையாது. எனக்கு மூன்றிலும் பாசிட்டிவ்தான். அன்றைக்கு அங்கிருந்த கவுன்சிலர் அக்கா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். எந்த மருந்தும் எடுக்காவிட்டால் இப்படிப்பட்ட நூறு தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றும். ஒழுங்காக மருந்து எடுத்தால், தாய்ப்பால் கொடுத்தாலும்கூட, ஐந்துக்கும் கீழே போய்விடும். அந்தத் தாளை ரொம்ப நாள் பர்ஸில் வைத்திருந்தேன்.

(வீட்டில் தெரிந்தது கணவருக்கும் என் அம்மாவுக்கும் மட்டும். "கவுன்சிலரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமியார் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு, அப்படியே சாக்கடைப் பிரச்சினையையும் சொல்லிவிட்டு வரச் சொன்னார்.)

கணவருக்கும் பாசிட்டிவ். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று பிறகு விட்டுவிட்டோம். உங்கள் வீட்டிலும் அதைக் கிளற விடாதீர்கள்.

மருந்தை உடனே ஆரம்பித்தார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, வாழ்நாள் முழுக்க. ஏஆர்டி மையத்தில், அதாவது ஹெச்ஐவி மருந்து கொடுக்கும் அரசு மையத்தில், இலவசம். பஸ்ஸில் டப்பா கிலுகிலு என்று சத்தம் போடும். உள்ளே பஞ்சு அடைத்துக்கொள்வேன். ஒரு விஷயம் கவனம்: கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. நான் கால்சியம் காலையில், இரும்பு மதியம், இது ராத்திரி படுக்கும்போது என்று பிரித்துக்கொண்டேன். எட்டாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. சுகப்பிரசவம்தான். ஹெச்ஐவி என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் செய்வதில்லை.

அதற்கு முன்னால் பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், பெயர் வேண்டாம், "எங்களிடம் வசதி இல்லை" என்று ஃபைலை மேசைமேல் தள்ளிவிட்டார்கள். ஹெச்ஐவி இருக்கிறது என்று சிகிச்சை மறுப்பதும், அனுமதி இல்லாமல் பிறரிடம் சொல்வதும் 2017-இல் வந்த சட்டப்படி தவறு. அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சண்டை போடத் தெம்பு இருந்திருக்காது.

மாத்திரை பழகிவிடும். கஷ்டம் குழந்தை பிறந்த பிறகுதான். தாய்ப்பால் கொடுப்பதென்றால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேறு கூடாது. தாய்ப்பாலோடு தேன், சர்க்கரைத் தண்ணீர், பசும்பால் எது சேர்ந்தாலும் பிஞ்சுக் குடலின் உள்தோல் புண்ணாகி வைரஸ் நுழைய வழியாகிவிடலாம் என்றார்கள். பவுடர் பாலுக்குப் போகவும் எங்களுக்கு வசதி இல்லை. போனாலும் "ஏன் பால் கொடுக்கலை" என்று தெருவே கேட்கும்.

நம் ஊரில் சேனை வைக்காமல் குழந்தையை யார் விடுவார்கள்? பிறந்த அன்றே மாமியார் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். நல்லவேளை, வார்டு நர்ஸ் எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட சத்தத்தில் டம்ளர் பைக்குள் போய்விட்டது. எந்தக் குழந்தைக்கும் இதே விதிதான் என்பதால் நாம் எதையும் வெளியே சொல்ல வேண்டியதில்லை. அண்ணியிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம் தாய்வீடு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீடு. 20 கொண்டை ஊசி வளைவிலும் மடியில் குழந்தை, கைப்பையில் அவனுக்குத் தொற்றாமல் இருக்கக் கொடுக்கும் நெவிரபின் சிரப். பிறந்ததும் ஆரம்பித்து ஆறு வாரம், தினம் ஒரு வேளை, அளவு பார்த்து. யாராவது கேட்டால் சத்து மருந்து என்பாள் அம்மா. பக்கத்து வீட்டுப் பாட்டி மலைத்தேன் கொண்டுவந்தார், நாக்கில் தொட்டு வைக்க. அம்மா அதை வாங்கி, "ராத்திரி வைக்கிறேன் பெரியம்மா" என்று சொல்லி, தானே காப்பியில் ஊற்றிக் குடித்துத் தீர்த்தாள். இன்னொருத்தர் வசம்போடு வந்தார். அந்த ரெண்டு மாதமும் அம்மா வாசலைவிட்டு நகரவே இல்லை.

ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி ரத்தத் துளிகளை அட்டையில் வைத்து அனுப்பினார்கள். நெகட்டிவ். அதே வாரம் வேறு கிருமிகள் தொற்றாமல் இருக்கக் கோட்ரிமாக்சசோல் சிரப் ஆரம்பம். ஏழாவது மாதம் காய்ச்சலுக்காக வேறோர் இடத்தில் சேர்த்தபோது சாதாரண ரத்தப் பரிசோதனையில் "பாசிட்டிவ்" என்று வந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை! கவுன்சிலர் அக்காதான் போனில் விளக்கினார்: என் உடம்பின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம்வரைகூட இருக்கும், அந்தப் பரிசோதனை அதைத்தான் காட்டுகிறது. வைரஸையே தேடும் பரிசோதனையில் அப்போதும் நெகட்டிவ். ஒரு வயதுவரை பால் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினேன். 18 மாதத்தில் கடைசிப் பரிசோதனை, அதுவும் நெகட்டிவ். கோட்ரிமாக்சசோல் சிரப்பை அத்தோடு நிறுத்தினார்கள்.

யாரிடமும் பேச முடியாவிட்டால் 1097-க்கு அண்ணியையே அழைக்கச் சொல்லுங்கள், இலவச எண். நீங்கள் கூடப் போய் நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்தாலே அவருக்குப் பாதி பாரம் இறங்கும்.

மகன் இப்போது சரியான பிடிவாதக்காரன். சேனை வைக்காததால்தான் நம்ம குடும்பத்தில் யார் குணமும் ஒட்டவில்லை என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.