நர்சிங்கை விட்டு ரேடியோகிராபி: விண்ணப்பிக்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறேன். என் சித்தி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அவரைப் பார்த்தே நானும் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். சென்ற ஆண்டு பாட்டி இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தபோது எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த அக்கா ஒருவரைக் கவனித்தேன். அன்றிலிருந்து பி.எஸ்சி. ரேடியோகிராபி படிக்க ஆசை. “எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு எதுக்கு நாலு வருஷம்? நர்சிங்னாதான் வேலை கிடைக்கும்” என்கிறார் அம்மா. விண்ணப்பத்தில் எதைப் போடுவது? ஊசி போடுவதும் இரவு டியூட்டியும் எனக்குச் சற்றுப் பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– ஒரு வாசகி, வேடசந்தூர்

பதில்: விண்ணப்பத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்றே முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களுக்கும், சுயநிதிக் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் சேர்க்கை நடத்துகிறது, பி.எஸ்சி. நர்சிங், பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்டு இமேஜிங் டெக்னாலஜி இரண்டும் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான அதே விண்ணப்பத்திற்குள் அடங்கிவிடுகின்றன. பிளஸ் டூ அறிவியல் பாட மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவதே இதுவரை உள்ள வழக்கம். இத்துறையின் விதிகள் மாறிவருகிற காலம் இது என்பதால், அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துவிடுங்கள். முடிவெடுக்க வேண்டிய இடம் கலந்தாய்வு. அங்கே படிப்பையும் கல்லூரியையும் விருப்ப வரிசைப்படி அடுக்கும்போது, உண்மையில் எது வேண்டுமோ அதை மேலே வையுங்கள். கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து இரண்டாவது விருப்பத்தை முதலில் போட்டால், அதுவே கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வருந்திப் பயனில்லை.

அம்மாவின் கேள்விக்கு உங்கள் பாட்டியின் இடுப்பையே எடுத்துக்கொண்டு பதில் சொல்லலாம். இடுப்பு எக்ஸ்ரேக்குக் காலைச் சற்று உட்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும் என்பது பாடம். ஆனால் முறிவு என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் காலைத் திருப்பவே கூடாது. பக்கவாட்டுப் படம் எடுக்க நோயாளியையும் புரட்ட முடியாது. ஆகவே நல்ல காலை உயர்த்தித் தாங்கச் செய்து, எக்ஸ்ரே குழாயைக் கிடைமட்டமாகத் திருப்பி, முறிந்த பக்கத்தை ஒட்டிப் படத் தட்டை நிறுத்தி, வலியில் முனகுகிற ஒரு மூதாட்டியிடம் “அசையாதீங்க பாட்டி, இதோ முடிஞ்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டே படத்தை எடுக்க வேண்டும். மெலிந்த குழந்தைக்கு எத்தனை கிலோவோல்ட், பருத்த உடலுக்கு எத்தனை மில்லியாம்பியர் என்பதை ஒவ்வொரு முறையும் கணித்தாக வேண்டும். பழைய பிலிம் காலத்தில் கதிர்வீச்சு கூடிவிட்டால் படம் கறுத்துப்போய்த் தவறு உடனே தெரிந்துவிடும். இப்போதைய டிஜிட்டல் முறையில் அளவு கூடினாலும் படம் பளிச்சென்றே வருவதால், அக்கறையற்றவர் நோயாளிக்குத் தேவைக்கு மேல் கதிர்வீச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. இதைத் தடுக்கும் அறிவைத்தான் அந்தப் படிப்பு தருகிறது.

சி.டி. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய உதவும் அயோடின் கலந்த ‘கான்ட்ராஸ்ட்’ மருந்தை ரத்தக் குழாயில் செலுத்துவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையை அறியக் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும், ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். மருந்து ஏறியபின் மூச்சுத் திணறல் வந்தால் அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறையின் காந்தமோ இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருப்பது. நோயாளி இல்லை என்பதற்காக அது அணைந்திருப்பதில்லை. ஓர் ஆக்சிஜன் சிலிண்டரை யாரேனும் தெரியாமல் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால் அது பறந்துபோய் இயந்திரத்தில் மோதும். நடுவில் ஆள் இருந்தால் உயிர் போகும். அந்தக் கதவுக்குக் காவல் ரேடியோகிராபர்தான். மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னை யோசிக்க வைத்தது. ஊசிக்கும் இரவுப் பணிக்கும் பயந்து இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் வர வேண்டாம். விபத்துப் பிரிவில் இரவு இரண்டு மணிக்குத் தலையில் அடிபட்டு வருகிறவருக்கு அப்போதே சி.டி. எடுத்தாக வேண்டும், ரத்தமும் வாந்தியும் மதுவாடையும் எக்ஸ்ரே அறைக்குள்ளும் வரும், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றும் இடத்தில் ஊசியோடுதான் நாள் முழுக்க வேலை. இரண்டு பணிகளுக்கும் உள்ள வேறுபாடு நோயாளியோடு இருக்கும் நேரத்தில் இருக்கிறது. செவிலியர் ஒரு ஷிப்ட் முழுவதும் அதே நோயாளிகளோடு இருப்பார். யாருக்குக் காய்ச்சல் இறங்கியது, யார் இன்னும் சாப்பிடவில்லை, யார் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ரேடியோகிராபருக்கு ஒருவரோடு கிடைப்பது பத்து நிமிடம். அதற்குள் அவருடைய நம்பிக்கையைப் பெற்று, உடலை வேண்டிய நிலையில் இருத்தி, படத்தை எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்தவரை அழைக்க வேண்டும். அவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் தெரியாமலே போகும். சிலருக்கு இது பெரிய நிம்மதி. சிலருக்குத் தாங்க முடியாத வெறுமை. நீங்கள் எந்த வகை என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. சித்தியோடு ஒரு நாள், எக்ஸ்ரே அறை அக்காவோடு ஒரு நாள் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கதிர்வீச்சு அறைக்குள் விடமாட்டார்கள் என்றாலும், வெளியே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே பாதி விளங்கிவிடும்.

கல்லூரி விளம்பரங்களில் எழுதப்படாத இரண்டு செய்திகளையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். படத்தை எடுப்பது ரேடியோகிராபர், அதைப் படித்து அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட் எனப்படும் மருத்துவர். பிரிட்டனில் மேற்பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் அறிக்கை எழுதுவதும் உண்டு; இங்கே அந்த வழி இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனையும் இங்கே மருத்துவர்கள்தான் செய்ய முடியும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதை இயக்கும் தகுதியைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கே உரியதாக்கியிருக்கிறது. வயிற்றுக் குழந்தையைத் திரையில் காட்டும் வேலை என்று கற்பனை செய்துகொண்டு சேரும் மாணவிகள் இரண்டாம் ஆண்டில் ஏமாற்றமடைவது இதனால்தான்.

வேலைவாய்ப்பில் அம்மா சொல்வது பாதி சரி. ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று ஷிப்டிலும் செவிலியர் வேண்டும். எக்ஸ்ரே அறைகளோ மருத்துவமனைக்கே ஒன்றிரண்டுதான். எனவே நர்சிங்கில் காலியிடங்கள் எப்போதும் கூடுதல், வெளிநாட்டு அழைப்பும் கூடுதல். ரேடியோகிராபர்களுக்கு ஊர் ஊராகத் திறக்கப்பட்டுவரும் ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் பல இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டையும் தனியே கையாளக்கூடியவர் என்று பெயர் எடுத்த பிறகுதான் பேரம் பேசும் நிலை வரும். மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே எடுக்கப் பெண்களே வேண்டும் என்று நோயாளிகள் எதிர்பார்ப்பதால் உங்களுக்கு அங்கே ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் போக சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் உண்டு. பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், இயந்திரங்களைப் பாருங்கள். நர்சிங் மாணவிக்கு நோயாளிகள் நிறைந்த வார்டு எப்படியோ, உங்களுக்குக் கூட்டம் குறையாத ரேடியாலஜி துறை அப்படி. சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934 முதல் இயங்கிவருகிறது; அப்படிப்பட்ட இடத்தில் ஒரே நாளில் பார்க்கும் நோய்களை, சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் பார்க்க மாட்டீர்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் கல்லூரி மருத்துவமனையிலேயே உண்டா, மாணவர்களை இயந்திரத்தைத் தொட விடுகிறார்களா அல்லது இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் பதிவேடு எழுதவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் வைக்கிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயின் உரிய அங்கீகாரமோ இருக்கிறதா என்பதைக் கல்லூரி ஊழியர் வாய்ச்சொல்லை நம்பாமல் நீங்களே சரிபாருங்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய இணை சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் இத்துறையையும் பதிவு முறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அங்கீகாரமற்ற இடத்தில் வாங்கிய சான்றிதழ் இனி முன்னைப் போல் ஓடாது.

கேள்வி: என் மகள் ரேடியோகிராபி படிக்க விரும்புகிறாள். கதிர்வீச்சினால் பிற்காலத்தில் திருமணம், குழந்தைப்பேறு பாதிக்குமென்று உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள். நர்சிங்கில் இந்தத் தொல்லை இல்லையே?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடைமைதான், ஆனால் அளவு தெரிந்து அஞ்ச வேண்டும். எக்ஸ்ரே இயந்திரம் பொத்தானை அழுத்தும் நொடியில் மட்டும் கதிர் வெளியிடுகிறது. அறையிலோ சுவரிலோ எதுவும் தங்குவதில்லை. படம் எடுக்கும்போது பணியாளர் தடுப்புச் சுவருக்கும் ஈயக் கண்ணாடிக்கும் பின்னால் இருப்பார். எம்.ஆர்.ஐ.யில் இவ்வகைக் கதிர்வீச்சே கிடையாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு வகுத்துள்ள வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் எல்லா மனிதருக்கும் இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4. உங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கதிரியக்கமுள்ள மோனசைட் மணல் இருப்பதால் அங்கே அது இன்னும் அதிகம் என்பதை உறவினர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

பணியாளர் மார்பில் அணியும், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, அவர் பெற்ற அளவைப் பதிவு செய்வார்கள். கருவுற்றதைத் தெரிவித்துவிட்டால், மீதமுள்ள காலத்தில் கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி பணியை மாற்றித் தர வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இடத்தில் அச்சமில்லை. பேட்ஜ் கொடுக்காத சிறு மையங்களும் இருக்கத்தான் செய்கின்றன. மகள் முதல் வேலைக்குச் செல்லும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் பேட்ஜைப் பற்றிக் கேட்கட்டும். நர்சிங்கில் இந்தத் தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு அறுவைச் சிகிச்சையில் சி–ஆர்ம் எனும் நகரும் எக்ஸ்ரே இயந்திரத்தின் அருகிலும், இதயக் குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேபிலும் ஈய உடுப்பு அணிந்து நிற்கிறவர்களில் செவிலியரும் உண்டு. தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று மார்பு எக்ஸ்ரே எடுப்பவரைவிட அவர்களுக்குக் கூடுதலாகவே கிடைக்கக்கூடும்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். பிடிக்கவில்லை. ரேடியோகிராபி இரண்டாம் ஆண்டுக்கு மாற முடியுமா?
– ஒரு மாணவி, திருவாரூர்

பதில்: முடியாது. பாடத்திட்டம் வேறு, பதிவு செய்யும் அமைப்பும் வேறு. மறுபடி பிளஸ் டூ மதிப்பெண்ணோடு விண்ணப்பித்து முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். விலகுவதற்கு முன், இடைநிற்போர் கட்ட வேண்டிய தொகை, சான்றிதழ்களைத் திரும்பப் பெறும் விதி ஆகியவற்றை உங்கள் சேர்க்கை ஆண்டின் தொகுப்பேட்டில் பார்த்துவிடுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தைப் படித்தபோது, உங்களுக்குப் பிடிக்காதது விடுதிச் சாப்பாடும் சீனியர்களின் அதட்டலும்தான் என்று தோன்றியது. நோயாளிகளைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் எழுதவில்லை. அப்படியானால் படிப்பை முடித்துவிடுங்கள். இயந்திரங்கள்மீது ஈடுபாடு இருந்தால் கேத் லேப், ஸ்கேன் பிரிவு ஆகியவற்றில் செவிலியராகவே பணியாற்றலாம்.

கேள்வி: மகனுக்கு இயற்பியலில் மிகுந்த ஆர்வம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் துறையில் மெடிக்கல் பிசிசிஸ்ட் (கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர்) ஆக பி.எஸ்சி. ரேடியோகிராபி படிக்கலாமா?
– ஒரு தாய், கரூர்

பதில்: அதற்கு வழி வேறு. பி.எஸ்சி. இயற்பியலில் தொடங்கி, எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அல்லது எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் ரேடியாலஜிக்கல் பிசிக்ஸ் பட்டயம் என்று செல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் இருக்கிறது. லீனியர் ஆக்சிலரேட்டர் எனும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தை இயக்கி, நோயாளிக்கு நாள்தோறும் பல வாரங்கள் சிகிச்சை தரும் பணிதான் மகனுக்கு வேண்டுமென்றால் பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி என்று தனிப் படிப்பே உண்டு. அதுவும் மேலே சொன்ன அதே விண்ணப்பத்தில்தான் வருகிறது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கலந்தாய்வில் மாற்றி அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.