ஸ்விட்சை மாற்றியதும் டிரங்க் ஏன் போனது?

கேள்வி: எங்கள் அலுவலகம் இரண்டு மாடி. கீழே சிஸ்கோ 2960 ஸ்விட்ச், மேலே பழைய 2950. மேல் மாடி கேமராக்கள் விலான் 20-இல் (விலான் என்றால் ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) இருக்கின்றன, கீழே உள்ள ரெக்கார்டருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பழையது செத்துப்போனதால் அந்த இடத்தில் இன்னொரு 2960 வைத்து, விலான்களை உருவாக்கி, அதே கேபிளைச் செருகினேன். லைட் எரிகிறது, ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் பிங் போகிறது, கேமரா மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஸ்விட்ச் பழுதா?

பதில்: பழுதில்லை, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த லிங்கை டிரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு) என்று யாரும் கையால் அமைத்ததே இல்லை, இத்தனை நாள் அது தானாக டிரங்க் ஆகி ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிஸ்கோ ஸ்விட்ச்களில் டிடிபி என்று ஒன்று உண்டு, டைனமிக் டிரங்கிங் புரோட்டோகால். கேபிளின் இரண்டு முனையும் இதில்தான் "டிரங்க் ஆகலாமா" என்று பேசிக்கொள்ளும். 2950-இல் போர்ட் பெட்டியிலிருந்து வரும்போதே டைனமிக் டிசைரபிள், அதாவது அதுவாகப் போய்க் கேட்கும். 2960-இல் டைனமிக் ஆட்டோ, எதிர்ப்பக்கம் கேட்டால் சரி என்னும், தானாக வாய் திறக்காது. கேட்க ஒரு ஆளும் தலையாட்ட ஒரு ஆளும் இருந்தவரை வேலை நடந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஆட்டோ. கூப்பிட்டால் வருகிறேன் என்று இரண்டு சம்பந்தி வீட்டாரும் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற கதை. இரண்டுமே ஆக்ஸஸ் போர்ட்டாக, அதாவது ஒரே ஒரு விலானை மட்டும் சுமக்கும் போர்ட்டாக நின்றுவிடும், அதுவும் விலான் 1-இல். ஸ்விட்ச்களின் ஐபி விலான் 1-இல் இருப்பதால் பிங் போய் உங்களை ஏமாற்றுகிறது, விலான் 20 அந்தக் கேபிளில் ஏறவே இல்லை.

ஒரு பக்கத்தை டிசைரபிள் ஆக்கினாலே லிங்க் எழுந்துவிடும், ஆனால் நான் அப்படி விடமாட்டேன். அடுத்த முறை பெட்டியை மாற்றும்போது இதே தலைவலி வரும், இரண்டு பக்கமும் விடிபி (ஸ்விட்ச்கள் விலான் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் முறை) டொமைன் பெயர் வேறு வேறாக இருந்தால் டிடிபி ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றுக்கும் மேல் ஆட்டோவில் விட்ட போர்ட்டில் யாராவது லேப்டாப்பைச் செருகி "நானும் ஸ்விட்ச்தான்" என்று டிடிபி அனுப்பினால் அவருக்கும் டிரங்க் கிடைத்துவிடும், இதற்கென்றே யெர்சினியா மாதிரி கருவிகள் இருக்கின்றன.

அதனால் முதலில் மேல் மாடி போர்ட்டில் 'ஸ்விட்ச்போர்ட் மோட் டிரங்க்' கொடுங்கள், அப்புறம் கீழேயும் அதையே. இரண்டும் டிரங்க் ஆனபின்தான் இரு பக்கமும் 'ஸ்விட்ச்போர்ட் நான்நெகோஷியேட்', அது டிடிபி பேச்சை நிறுத்திவிடும். இந்த வரிசை முக்கியம். ஒரு பக்கம் நான்நெகோஷியேட் போட்டுவிட்டு மறுபக்கத்தை ஆட்டோவிலேயே விட்டால், கேட்பதற்கு ஆள் இல்லாமல் ஆட்டோ பக்கம் 300 விநாடி பார்த்துவிட்டு ஆக்ஸஸுக்குத் திரும்பிவிடும். நீங்கள் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து கேமரா போகும்! 3560 மாதிரி ஐஎஸ்எல் என்ற சிஸ்கோவின் பழைய டிரங்க் முறையும் தெரிந்த பெட்டி என்றால் மோட் டிரங்க்குக்கு முன் 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ' கொடுக்கவேண்டும், 2960-க்கு அந்தக் கமாண்டே கிடையாது. கம்ப்யூட்டர், கேமரா செருகும் மற்ற போர்ட்களை எல்லாம் மோட் ஆக்ஸஸ் என்று பூட்டிவிடுங்கள்.

டிரங்கில் போகும் விலான்களைக் குறைக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. ஏற்கனவே பட்டியல் உள்ள லிங்கில் புது விலானைச் சேர்க்கும்போது அனுமதிப் பட்டியல் கமாண்டில் 'அலவ்ட் விலான்' என்பதற்கு அடுத்து 'ஆட்' என்ற சொல் வேண்டும். அதை ஒருமுறை விட்டுவிட்டு, பழைய விலான் எல்லாம் துடைத்துக்கொண்டு போய், ராத்திரி பதினோரு மணிக்கு கன்சோல் கேபிளோடு ஓடியிருக்கிறேன்.

முடித்ததும் 'ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்' பாருங்கள். மோட் 'ஆன்', நிலை 'டிரங்கிங்' என்று வரவேண்டும். அந்த வரிக்குக் கீழே மூன்று விலான் பட்டியல் இருக்கும். முதலாவதில் 20 இருந்து இரண்டாவதில் இல்லை என்றால் அந்த ஸ்விட்சில் விலான் 20 உருவாகவில்லை, மூன்றாவதில் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழல் வராமல் பார்த்துக்கொள்வது) தடுத்திருக்கும். இரண்டு ஸ்விட்சிலும் மூன்றிலும் 20 இருந்தும் படம் வரவில்லையா, ரெக்கார்டர் செருகியிருக்கும் போர்ட் எந்த விலானில் இருக்கிறது என்று பாருங்கள்.