“சரிங்க்கா” என்றால் புரிந்தது என்று அர்த்தமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பெண்களுக்கு டி-ஷர்ட் கழுத்தில் ரிப் (இழுபடும் கழுத்துப் பட்டி) வைத்து ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே போடும் தையல்) அடிக்க நான்தான் சொல்லித்தர வேண்டும். பொறுமையாகத்தான் சொல்கிறேன். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘சரிங்க்கா’ என்கிறார்கள். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி பீஸ் பிரிக்க வேண்டியதாக இருக்கிறது. கோபத்தில் கத்திவிடுகிறேன். தப்பு யாரிடம்?

பதில்: ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியில்தான் தப்பு. அதற்கு ‘இல்லை’ என்று சொல்ல, வேலைக்கு வந்து மூன்று நாளே ஆன பெண்ணுக்கு வாய் வருமா? ‘சரிங்க்கா’ என்பது உங்களுக்குத் தரும் மரியாதை. புரிந்ததா இல்லையா என்பது அதில் இல்லை. அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் நிலைமை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் பலர் ராணுவத்துக்குப் போய்விட, மெஷினையே தொட்டறியாதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களைப் பழக்குவது எப்படி என்று சூப்பர்வைசர்களுக்குச் சொல்லித்தர 1940இல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. போருக்குப் பின் அது ஜப்பானுக்கும் போனது. அந்த வகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. எலக்ட்ரீஷியன்கள் விளக்கு ஒயரில் போடும் ஒரு முடிச்சை, முதலில் வாயால் மட்டும் சொல்லி ஒருவரைப் போடச் சொல்வார்கள். வராது. அடுத்தவருக்குப் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார்கள். அவருக்கும் வராது. நாம் அன்றாடம் சொல்லித்தருவது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அவர்கள் கண்ட வழியை உங்கள் ரிப் வேலைக்கே பொருத்திச் சொல்கிறேன். முதலில், எதிரே நிற்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே நின்றால் உங்கள் வலது கை அவருக்கு இடமாகத் தெரியும். சின்ன விஷயம்தான், ஆனால் முதல் நாள் குழப்பத்தில் பாதி இங்கேதான்.

அப்புறம், மூன்று முறை தைத்துக் காட்டுங்கள். முதல் முறை என்ன செய்கிறோம் என்பது மட்டும்: ரிப்பையும் கழுத்தையும் நான்காகக் குறிக்கிறேன், குறியோடு குறி சேர்க்கிறேன், சுற்றி அடிக்கிறேன். இரண்டாம் முறை சூட்சுமம்: ரிப்பை மட்டும் ஒரே சீராக இழுக்கிறேன், பாடித் துணியை (டி-ஷர்ட்டின் உடல் பகுதி) இழுக்கவில்லை, மடிப்பு மெஷின் கத்திக்குள் போகாமல் விரலால் ஒதுக்குகிறேன். மூன்றாம் முறை காரணம்: பாடியை இழுத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும், மடிப்பு கத்தியில் சிக்கினால் பீஸே போச்சு. ‘ஏன்’ என்று தெரியாதவர் அவசரத்தில் முதலில் விடுவது அந்தச் சூட்சுமத்தைத்தான். மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதுவும் தங்காது. நீங்கள் பொறுமையாகச் சொல்லியும் தங்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இப்போது அவர் முறை. ஒரு பீஸைப் பேசாமல் தைக்கட்டும். தப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள், பீஸ் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த பீஸைத் தைத்துக்கொண்டே, என்ன செய்கிறேன் என்று அவர் வாயால் சொல்லட்டும். பிறகு சூட்சுமம், பிறகு காரணம். ‘இங்க ஏன் இழுக்கலை?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சட்டென்று நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். அவர் திணறும் இடத்தை மட்டும் திரும்பக் காட்டினால் போதும்.

ஒடிசா, பிகார் பெண்களுக்கு மொழி தடையாக இருந்தால், நல்ல பீஸ் ஒன்றும் கெட்டுப்போன பீஸ் ஒன்றும் மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். எது சரி என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

விட்டுவிட்டுப் போகும்போது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஆளைக் காட்டிவிட்டுப் போங்கள். அரை மணி கழித்து வராதீர்கள், ஐந்தாவது பீஸில் வாருங்கள். பிறகு பத்தாவதில். இடைவெளியை மெல்ல நீட்டலாம். கத்துவதைப் பற்றி ஒன்றே ஒன்று: கத்தினால் தப்பு நிற்காது, கெட்ட பீஸ் பண்டலுக்கு அடியில் போகும். செக்கிங்கில்தான் உங்களுக்கே தெரியவரும்.

இவ்வளவு நேரத்துக்கு மேனேஜர் சம்மதிப்பாரா என்பீர்கள். ஓவர்லாக் அடித்ததைப் பிரிக்க, தைக்க ஆன நேரத்தைவிட எவ்வளவு அதிகம் ஆகும் என்று அவருக்கும் தெரியும். ஒரு நாள் பிரிக்கப் போன பீஸ்களை எண்ணி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆசிரியர் சொல்வதில் கால் பங்குதான் மாணவனுக்குச் சேரும், உடன் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால், மீதி அரை பிறருக்குச் சொல்லித்தரும்போது என்று நன்னூல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஆகவே அடுத்த பெண் சேரும்போது, ஒரு மாதம் முன்பு கற்றவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். லைனிலேயே வேகமாகத் தைப்பவர் வேண்டாம். அவருக்குக் கை தானாக ஓடும், எந்த இடத்தில் தடுமாறினோம் என்பது மறந்துபோயிருக்கும்.