டவர் படுத்த ராத்திரியில் செய்தி போக: மலையோர வாசகர்களின் ரேடியோ கேள்விகள்

கூடலூர், பந்தலூர், மூணாறு, குமுளிப் பக்கத்து வாசகர்கள் மழைக்காலத் தகவல் தொடர்பு பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மழை பிடித்தால் கரண்ட் போகிறது, டவர் பேட்டரி தீர்ந்ததும் போனும் போகிறது. ராணுவத்தில் டவரே இல்லாமல் ரேடியோ விட்டு ரேடியோ தாவிச் செய்தி போகுமாமே? எங்கள் எஸ்டேட்டில் குறைந்த செலவில் அப்படிச் செய்ய முடியுமா? (சேரம்பாடி)

முடியும். ஆனால் குரல் போகாது, எழுத்துச் செய்தி மட்டும்தான் போகும். நீங்கள் கேள்விப்பட்டதும் சரிதான். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா 1970-களிலேயே பாக்கெட் ரேடியோ (தகவலைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் ரேடியோ) சோதனைகளை நடத்தியது. ஒவ்வொரு ரேடியோவும் தன் செய்தியோடு அடுத்தவர் செய்தியையும் வாங்கிக் கடத்தும். ஒரு ரேடியோ அழிந்தாலும் செய்தி வேறு வழியில் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

அதே வேலையை இன்று லோரா என்ற ரேடியோ முறையும் மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருளும் சில ஆயிரம் ரூபாய்க் கருவியில் செய்கின்றன. கருவியை உங்கள் போனோடு ப்ளூடூத்தில் இணைத்துச் செய்தி அடிக்கலாம். சிம்மோ இன்டர்நெட்டோ தேவையில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். கரண்டும் போனும் இல்லாததால் வெளியே செய்தி எட்ட மறுநாள் காலை ஆகிவிட்டது. மலை முகட்டில் இரண்டு கருவி இருந்திருந்தால் செய்தி சில விநாடிகளில் போயிருக்கும். இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு டிவிஷனிலும் செய்ய வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது அதனால்தான்.

கேள்வி: நான்கு கருவி வாங்கினோம். விளம்பரத்தில் பத்து கிலோமீட்டர் என்றார்கள். பஜாரிலிருந்து லைனுக்கு முந்நூறு மீட்டர்கூடப் போகவில்லை. கருவியே மோசமா? (பந்தலூர்)

பெரும்பாலும் கருவி நன்றாகத்தான் இருக்கும். முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள். நம் நாட்டில் இதற்கான அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கடைக்காரர்கள் 433-க்கும் 915-க்கும் ஆன ஆன்டெனாவையும் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். 868 என்று குறித்ததைக் கேட்டு வாங்குங்கள். இந்த அலையின் நீளத்தில் கால் பங்கு சுமார் 8.6 சென்டிமீட்டர். ஆன்டெனா மாட்டாமல் கருவியை ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அனுப்பும் பகுதி கருகிவிடும். போர்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் மெல்லிய ஒயரின் பொத்தான் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி கழற்றி மாட்டினால் அது தளர்ந்துவிடும்.

அதுவும் சரியாக இருந்தால், குறுக்கே நிற்கும் மலைதான் காரணம். ஒரு கணக்கு போடுவோம். தடையில்லாத 5 கிலோமீட்டரில் 866 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 105 டெசிபல் (சிக்னல் வலு கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு) குறையும். கருவி அனுப்புவது 22 டிபிஎம் (டெசிபலில் சொல்லும் பவர் அளவு), ஆகவே மறுமுனைக்குச் சுமார் மைனஸ் 83 வந்து சேரும். லோரா ரேடியோ மைனஸ் 130-ஐக்கூடக் கேட்கும். அதாவது நாற்பது டெசிபலுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இந்த மிச்சத்தை ஒரு மேடு முழுக்கத் தின்றுவிடும். நனைந்த சில்வர் ஓக் வரிசைகளும் தம் பங்குக்குத் தின்னும். ஆகவே பவரைக் கூட்டிப் பயனில்லை, கருவியை உயரத்தில் ஏற்றுங்கள்.

கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 5 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் பார்வைக் கோட்டைச் சுற்றி சுமார் 12 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். மரத்தின் தலையை உரசிக்கொண்டு போகும் பார்வைக் கோடு வெயிலில் வேலை செய்து மழையில் படுத்துவிடும்.

உயரத்துக்காகக் கீழே கருவியை வைத்து மேலே ஆன்டெனாவுக்கு நீளக் கேபிள் இழுப்பவர்களும் உண்டு. பத்து மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளில் ஐந்து டெசிபலுக்கு மேல் போய்விடும், முக்கால்வாசி பவர் கேபிளிலேயே கரைகிறது. கருவியையே பெட்டியில் போட்டுக் கம்பத்தின் மேல் ஏற்றி, ஆன்டெனாவை அதன் தலையிலேயே மாட்டுங்கள்.

கேள்வி: எல்லாக் கருவியையும் 'ரவுட்டர்' என்று செட் செய்தோம். செய்தி இன்னும் மோசமாகப் போகிறது. ஏன்? (தேவாலா)

இது பலர் செய்யும் தவறு. ரவுட்டர் என்று வைத்த கருவி மற்றவற்றுக்கு முன்னால் முந்திக்கொண்டு திருப்பி அனுப்பும். அதைக் கேட்ட பக்கத்துக் கருவிகள், 'யாரோ அனுப்பிவிட்டார்கள்' என்று தம் முறையை விட்டுவிடும். பள்ளத்து வீட்டில் இருக்கும் ரவுட்டர் முந்திக்கொண்டால், செய்தி அந்தப் பள்ளத்திலேயே முடங்கிப்போகும். நாலாபுறமும் தெரியும் முகட்டில் இருப்பதை மட்டும் ரவுட்டர் ஆக்குங்கள். மஸ்டர் ஆபீஸ் (வேலையாட்களின் வருகை பதியும் இடம்), ஃபேக்டரி, லைன் வீடுகளில் உள்ளவை எல்லாம் 'க்ளையன்ட்' (சாதாரணக் கருவி) ஆகவே இருக்கட்டும்.

தாவல் எண்ணிக்கை, அதாவது ஒரு செய்தி எத்தனை முறை கருவி விட்டுக் கருவி தாவலாம் என்பது, தானாக மூன்று என்று வரும். ஏழு வரை ஏற்றலாம், ஆனால் தேவையில்லாமல் ஏற்றினால் ஒரே செய்தியை மேலும் பல கருவிகள் திருப்பி அனுப்பிக் காற்றை அடைத்துக்கொள்ளும். மெஷ்டாஸ்டிக் ஆப்பில் தெரியும் சேனல் பயன்பாடு (காற்றலை எவ்வளவு நேரம் நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 25 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் இருப்பிடத்தையும் பேட்டரி நிலையையும் தானாக அனுப்பும் இடைவெளியை மணிக்கணக்காக நீட்டுங்கள்.

முகட்டுக் கருவி இரண்டாக இருக்கட்டும், வெவ்வேறு முகட்டில். வைத்த பிறகு ஒன்றை அணைத்துவிட்டுச் செய்தி அனுப்பிப் பாருங்கள், பிறகு மற்றொன்றை அணைத்துப் பாருங்கள். இந்தச் சோதனையை மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். ஜூனில் மழை இறங்கிய பிறகு முகட்டுக்கு ஏறுவது கஷ்டம்.

கேள்வி: சோலார் போட்டும் மழையில் இரண்டே நாளில் அணைந்துவிடுகிறது. (மூணாறு)

உங்களிடம் இருப்பது இஎஸ்பி32 சில் போர்டாக இருக்கும். அது ஏறக்குறைய 100 மில்லிஆம்பியர் இழுக்கும், ஒரு நாளைக்கு 2400 மில்லிஆம்பியர்-மணி. 2600 அளவுள்ள 18650 (உருளை வடிவ லித்தியம்) பேட்டரி இரண்டை இணையாகப் போட்டு, அதில் எண்பது சதவீதத்தைப் பயன்படுத்தினாலும் இரண்டு நாள்கூட முழுசாக வராது. என்ஆர்எஃப்52 சில் உள்ள போர்டு சுமார் 10 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். அதே பேட்டரியில் வெயிலே இல்லாமல் பதினாறு, பதினேழு நாள் ஓடும். முகட்டுக்கு என்ஆர்எஃப்52, கரண்ட் உள்ள வீட்டுக்கு இஎஸ்பி32 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பேனல் 5 வாட் இருக்கட்டும், மர நிழல் படக்கூடாது, மழை கழுவி வழியும்படி சாய்த்து வையுங்கள். வோல்ட்டில் கவனம் தேவை. சில போர்டுகளின் சோலார் முனை 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. '6 வோல்ட்' பேனல் லோடு இல்லாதபோது 7 வோல்ட்டைத் தாண்டும், போர்டு அன்றே போய்விடும்.

பெட்டிக்குள் தண்ணீர் மேலிருந்து ஒழுகுவதைவிட உள்ளேயே வியர்த்துச் சேர்வதுதான் அதிகம். ஒயர் நுழையும் துளைகள் எல்லாம் அடிப்பக்கம் இருக்கட்டும். அடியில் ஒரு சிறு துளை விட்டு நுண்ணிய வலை ஒட்டுங்கள். வலை இல்லாவிட்டால் எறும்பு குடியேறிவிடும். ஆன்டெனா இணைப்பைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள்.

கேள்வி: தமிழில் அடித்தால் செய்தி பாதியில் நிற்கிறது. (குமுளி)

ஒரு செய்திக்கு சுமார் 200 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று, அதன் மேல் ஏறும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. 'மண்சரிவு' என்ற ஒரு சொல்லுக்கே 24 பைட். இப்படிப்பட்ட எட்டுச் சொல்லில் இடம் தீர்ந்துவிடும். செய்தி நீள நீள அது காற்றில் இருக்கும் நேரமும் நீளும், மற்றவர் செய்தியோடு மோதவும் செய்யும்.

அதனால் எண் குறியீடு வையுங்கள். 1 என்றால் எல்லோரும் பத்திரம், 2 ஓடைத் தண்ணீர் ஏறுகிறது, 3 மண் சரிந்தது, 4 ஆளுக்கு அடி, 5 யானை லைனுக்குள். பின்னால் லைன் எண்ணும் ஆள் எண்ணிக்கையும். '4 L7 2' என்றால் ஏழாம் லைனில் இரண்டு பேருக்கு அடி. இந்தப் பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து ஒவ்வொரு கருவியின் முதுகிலும் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ராணுவ சிக்னல்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன். இது உண்மையான போர்க்களத்தில் நிற்குமா? (கூடலூர்)

எதிரி இருக்கும் இடத்தில் இதை நம்பக்கூடாது. உங்களுக்குத் தெரிந்த வகைப் போர் ரேடியோக்கள் அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்கர்களின் சின்கார்ஸ் என்ற போர் ரேடியோ விநாடிக்கு 111 முறை தாவும். மெஷ்டாஸ்டிக் ஒரே அலைவரிசையில் நிற்கிறது, அதன் மேல் இரைச்சலை ஊற்றினால் வலை முடங்கும். லோரா இரைச்சலுக்குக் கீழே 17 டெசிபல்வரை புதைந்த சிக்னலையும் பிரித்தெடுக்கும், அது பெரிய பலம். ஆனால் திசை கண்டுபிடிக்கும் கருவியிடமிருந்து அது ஒளிந்துகொள்ள முடியாது.

செய்தி பூட்டப்பட்டாலும், யார் யாருக்கு அனுப்பினார் என்ற தலைப்புப் பகுதி திறந்தே போகிறது. ஒரு கருவி எதிரி கையில் சிக்கினால் சேனல் சாவியும் (செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியக் குறியீடு) சிக்கிவிடும். புதிதாக வாங்கிய கருவியில் இருக்கும் சாவியோ உலகம் முழுக்கத் தெரிந்தது. எஸ்டேட்டிலும் அதை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யாரும் பொய்ச் செய்தி போடலாம்.

ராணுவத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வழிகளை வரிசைப்படுத்தும் பழக்கம். முதலில் போன், அது போனால் மெஷ் (இந்த ரேடியோ வலை), அதுவும் போனால் ஜீப்பில் ஆள், ரோடும் போனால் ஃபேக்டரி சங்கு. எது எப்போது என்பதை மஸ்டரில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் வேண்டுமா? கேரளப் பக்கம் வேறு சட்டமா? (குமுளி)

இரு பக்கமும் ஒரே மத்திய விதிதான். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, 1 வாட் அனுப்பும் பவர், 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. கருவிக்கு உரிய வகை ஒப்புதல் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஆப்பில் நாடு 'ஐஎன்' என்று தேர்ந்தெடுங்கள், அதுவரை கருவி எதையும் அனுப்பாது. தானாக வரும் 'லாங் ஃபாஸ்ட்' அமைப்பின் அகலம் 250 கிலோஹெர்ட்ஸ், அது வரம்பைத் தாண்டுகிறது. 125 அகலமுள்ள 'லாங் மாடரேட்' எடுங்கள். வேகம் குறையும், தூரம் கூடும். எல்லாக் கருவியிலும் இதே அமைப்பு இருந்தால்தான் ஒன்றையொன்று கேட்கும். முகடு காட்டு நிலமாக இருந்தால் கம்பம் நடுவதற்கு முன் வனத்துறை அனுமதி வாங்கிவிடுங்கள்.