ரப்பர் விளையை விற்று எம்.பி.பி.எஸ். வேண்டாம்

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டையின் தோடு உடைக்கும் வேலை. மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். நீட் மதிப்பெண் போதவில்லை. ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, விற்று வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கச் சொல்லி மாமாக்கள் நெருக்குகிறார்கள். மகளோ, அம்மாவின் விரல் ஏன் வெந்துபோகிறது, அதே பருப்பு கெடாமல் எப்படிக் கடல் தாண்டுகிறது என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

அம்மா, விளையை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே மருத்துவம் பார்க்க இன்னொரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் விளையும் இல்லை, தொழிலும் இல்லை. யோசனை சொல்லும் மாமாக்களில் யார் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார் என்று கேளுங்கள். நர்சிங், கம்ப்யூட்டர் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லும். நான் சொல்லப் போவதில்லை.

உங்கள் மகள் கேட்கும் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: உணவுத் தொழில்நுட்பம். அதில் ஆலைப் பாதுகாப்பும் தரக்கட்டுப்பாடும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்காத வேலை. முந்திரித் தோட்டில் ஊறியிருக்கும் எண்ணெய்தான் உங்கள் விரலைப் பொசுக்குகிறது. அதற்காகப் போடும் கையுறை கிழிந்தால் விரல் வேகும். கிழிந்த துண்டு பருப்போடு போனால் சரக்கே திரும்பி வரும். ஈரத்தரையில் தேங்கும் தண்ணீரும் அப்படித்தான். தொழிலாளியை வழுக்கி விழ வைக்கும் அதே தண்ணீரில், குளிர்பதன அறையின் குளிரிலும் வளரும் லிஸ்டீரியா என்ற கிருமி குடியேறும். தொழிலாளியின் உடம்பையும் தின்பவரின் உடம்பையும் சேர்த்துக் காப்பதே இந்த வேலை.

குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இறங்கும் சூரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த மீனில் உடனே ஐஸ் போடாவிட்டால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கிவிடும். பிறகு உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது; தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும். மீனை உறைய வைக்கும் ஆலையிலோ குளிரூட்டுவதற்காகக் குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதன ஆலையில் அது கசிந்து, பெண் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். குழாய் வால்வை யார் பார்த்தார், கசிந்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது என்று முன்கூட்டியே கேட்க ஒவ்வோர் ஆலையிலும் ஆள் வேண்டும்.

பொட்டலம் கட்டும் இடத்தில் உலோகம் கண்டறியும் கருவி நிற்கும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை சிறு இரும்புத்துண்டு பதித்த அட்டையை அதற்குள் விட்டுப் பார்ப்பார்கள். கருவி கத்தாவிட்டால், கடைசியாகச் சரியாகக் கத்திய நேரத்திலிருந்து ஓடிய சரக்கு முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும். வெளியே லாரி நிற்கும், முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் "அனுப்ப முடியாது" என்று சொல்பவராக உங்கள் மகள் இருப்பாள். இரவு ஷிப்ட் உண்டு, குளிர் அறையில் நிற்க வேண்டியிருக்கும், தொடக்கச் சம்பளம் பெரிதல்ல. இதையெல்லாம் அவளிடம் மறைக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசு உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கும் இந்தப் பட்டம் தகுதி.

செலவில் மட்டும் யார் பேச்சுக்கும் வளையாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளென்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் அந்தக் கட்டணச் சலுகை போய்விடும். ஆகவே பொறியியல் கலந்தாய்வுக்கும், வேளாண், மீன்வளப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பியுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் மகளையே கூட்டிக்கொண்டு போய், நுண்ணுயிர் ஆய்வகமும் சிறு பதனக்கூடமும் உண்மையிலேயே இயங்குகின்றனவா என்று பாருங்கள். பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.